பெருந்தமனி அவசரத்தில் முதல் மருத்துவமனை: தவளக்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வி

தவளக்குப்பத்துக்கு மருத்துவமனை தூரத்தில் இல்லை. அவ்வூர் அமைந்த கடலூர் சாலையிலேயே, தெற்கே சில கிலோமீட்டரில், கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியும் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வடக்கே அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் தாண்டினால் நகரத்துக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. இன்னும் மேலே போனால் கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். மேற்கே வில்லியனூர்ப் பக்கம் அரியூரில் வெங்கடேஸ்வரா, மதகடிப்பட்டுப் பக்கம் மணக்குள விநாயகர், ஊசுடு பக்கம் லட்சுமி நாராயணா, வடகோடியில் காலாப்பட்டுக்கு அப்பால் பிம்ஸ். 2011 கணக்கெடுப்பில் 9,50,289 பேர் வாழ்ந்த ஒரு மாவட்டத்துக்கு எட்டு மருத்துவக் கல்லூரிகள் என்பது இந்தியாவில் எளிதில் காணக் கிடைக்காத அடர்த்தி. பழமையிலும் குறைவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1823. சென்னையின் மருத்துவப் பள்ளி அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் இளையது.

ஆகவே, கிராமத்து மனிதர் ஒருவர் பெருந்தமனி கிழிந்து இறந்தால் வழக்கமாகச் சொல்லப்படும் ‘பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை’ என்ற காரணம் இங்கே செல்லாது. இத்தனை மருத்துவமனைகளுக்கு நடுவே வாழும் ஒருவருக்குப் பெருந்தமனி அவசரம் நேர்ந்தால் அவர் பிழைப்பது எதைப் பொறுத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதலில் நுழையும் மருத்துவமனை அந்த நோயைச் சந்தேகிக்கிறதா, சந்தேகித்த பிறகு அவரை எங்கே அனுப்புகிறது என்ற இரண்டு முடிவுகளே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம். அதிலிருந்து ஒரு கொள்கையும் பிறக்கிறது: சந்தேகத்தை எல்லா மருத்துவமனைகளுக்கும் பரப்ப வேண்டும், அறுவையை ஓரிரு இடங்களில் குவிக்க வேண்டும். நடைமுறையில் நாம் விரும்புவது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று இருதய அறுவை அரங்கு வேண்டும் என்கிறது. கேஷுவால்டியில் இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு இந்த நோயைப் பற்றி ஒரு பக்க வழிகாட்டி ஒட்டுவது யாருக்கும் பெருமை தரும் வேலையாகத் தெரிவதில்லை.

நோயும் நேரமும்

இதயத்திலிருந்து கிளம்பி, மார்புக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரு கால்களுக்கும் பிரிகிற பெரிய குழாய் பெருந்தமனி. அதன் சுவர் மூன்று அடுக்கால் ஆனது. உள்ளடுக்கில் கீறல் விழுந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து, புதிதாக ஒரு பொய்ப் பாதையை வெட்டிக்கொண்டு போவதே பெருந்தமனிப் பிளவு. 1970இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் வகுத்த எளிய பிரிவு இன்றும் நிற்கிறது. இதயத்தை ஒட்டிய ஏறுபகுதி பாதிக்கப்பட்டால் ‘ஏ’ வகை. இடக்கைக்குக் கிளை பிரிந்த பிறகு உள்ள இறங்குபகுதி மட்டும் என்றால் ‘பி’ வகை. ‘ஏ’ வகையில் இரத்தம் இதய உறைக்குள் கசிந்து இதயத்தை நெருக்கலாம், வால்வைக் குலைக்கலாம், மூளைக்கோ இதயத் தசைக்கோ போகும் கிளையை அடைக்கலாம். ஆகவே உடனடி அறுவையே அதற்குச் சிகிச்சை. ‘பி’ வகையைப் பெரும்பாலும் மருந்தால் கட்டுப்படுத்தலாம். குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ காலுக்கோ இரத்தம் நின்றுபோனால், அல்லது வெடிக்கும் நிலை வந்தால், தொடை வழியாக உறையிட்ட ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

பெருந்தமனி அவசரங்களில் இது ஒன்றுதான் என்றில்லை. வயிற்றுப் பகுதியில் வீங்கிப் பலூன்போல் ஆன தமனி வெடிப்பது உண்டு. ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தது அப்படித்தான். அவருடைய வலி பித்தப்பை நோய்போலத் தோற்றம் காட்டியது. விபத்தில் நெஞ்சு மோதும்போது தமனி அறுபடுவதும் உண்டு. எனினும் ஏமாற்றுவதில் பிளவுக்கு நிகரில்லை என்பதால் இக்கட்டுரை அதிலேயே நிற்கிறது.

‘மணிக்கு ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம்வரை இறப்பு’ என்ற வாய்பாடு மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாடம். அதன் வேர் 1958இல் ஹர்ஸ்டும் சகாக்களும் 505 நோயாளிகளைத் தொகுத்த கட்டுரை. ஸ்கேன் இல்லாத காலம். பெரும்பாலும் பிணக்கூறாய்வில் தெரியவந்தவர்கள். பெருந்தமனிப் பிளவுக்கென 1996இல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு 2022இல் வெளியிட்ட ஆய்வில், 5,611 ‘ஏ’ வகை நோயாளிகளில், அறுவை செய்யப்படாதவர்களிடையே முதல் 48 மணி நேர இறப்பு 23.7 சதவீதம். அதாவது மணிக்கு ஏறக்குறைய அரை சதவீதம். அறுவைக்கு எடுக்கப்பட்டவர்களிடையே அதே காலத்தில் 4.4 சதவீதம். இந்தப் புள்ளிவிவரத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பதிவேட்டில் சேர்ந்தவை பெரிய மையங்கள்; அங்கே உயிரோடு சேர்ந்தவர்களைத்தான் அது எண்ணுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மக்கள்தொகை அடிப்படையில் நடந்த ஆய்வில் ‘ஏ’ வகை நோயாளிகளில் பாதிக்கு நெருக்கமானவர்கள் மருத்துவமனை பார்க்கும் முன்பே இறந்திருந்தார்கள். ஆயினும் 2022இன் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது: உயிரோடு மருத்துவமனைக்குள் வந்த நோயாளிக்கு நிமிடங்களைவிடச் சற்றுக் கூடுதலான அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசம் எங்கே செலவாகிறது என்பதே அடுத்து பார்க்க வேண்டியது.

மாரடைப்பின் நிழலில்

நெஞ்சு வலியோடு ஐம்பத்தைந்து வயதுக்காரர் வந்தால் மருத்துவர் மாரடைப்பை நினைப்பது அறியாமையால் அல்ல. கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–‘இண்டியாப்’ நீரிழிவு ஆய்வு, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் முன்னின்று 1,13,043 பேரைப் பரிசோதித்த பெரும்பணி. அதில் நீரிழிவு விகிதம் நாட்டிலேயே அதிகமான இடங்களில் ஒன்று புதுச்சேரி: 26.3 சதவீதம், கோவா மட்டுமே 26.4 என்று ஒரு மயிரிழை முன்னால். நீரிழிவு இவ்வளவு இருக்கும் ஊரில் மாரடைப்பும் மிகுதியாகவே இருக்கும். பெருந்தமனிப் பிளவோ ஆண்டுக்கு லட்சம் பேரில் மூன்று முதல் ஆறு பேருக்கு வரும் நோய். இங்கே ஒரு விந்தையையும் குறித்துவிட வேண்டும். பெருந்தமனி வீக்கமும் பிளவும் நீரிழிவு உள்ளவர்களிடம் சற்றுக் குறைவாகவே காணப்படுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது நீரிழிவு இங்கே தமனியைக் கிழிக்கவில்லை. மருத்துவரின் எதிர்பார்ப்பை மாரடைப்பின் பக்கம் சாய்த்துவிடுகிறது. தமனியைக் கிழிப்பதில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. அதே ஆய்வில் நாடு முழுக்க அதன் விகிதம் 35.5 சதவீதம்.

இந்தச் சாய்வுக்கு நிறுவன வடிவமும் கிடைத்திருக்கிறது; அதுவும் நல்ல காரணத்துக்காக. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நான்கு பெரிய மருத்துவமனைகளையும் அவற்றைச் சுற்றிய 35 சிறிய மருத்துவமனைகளையும் இணைத்து ‘ஸ்டெமி’ வகை மாரடைப்புக்கு ஒரு வலைப்பின்னலை அமைத்துச் சோதித்தார்கள். சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது அதன் வழிமுறைகளில் ஒன்று. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இதைச் சிறு சாதனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே வேகமும் அதே ஊசியும் பெருந்தமனிப் பிளவு உள்ளவருக்குப் போனால் விளைவு தலைகீழ். ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற கரைப்பான்கள் கிழிந்த சுவரைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியையும் கரைக்கும். இதய உறைக்குள் கசிவு பெருகும். அறுவை அரங்கில் இரத்தம் நிற்காது. பிளவு இதயத் தசைக்குப் போகும் தமனியின் வாயையே அடைத்துவிட்டால் ஈசிஜி அச்சு அசல் மாரடைப்பாகவே இருக்கும். அப்படி வருபவர்கள் நூற்றில் சிலர்தான். மற்றவர்களிடம் ஈசிஜி குழப்பமாகவோ இயல்பாகவோ இருக்க, பழக்கம் அவர்களையும் மாரடைப்புத் தடத்தில் ஏற்றிவிடுகிறது. கனடாவில் 66 பிளவு நோயாளிகளைத் திரும்பிப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் 39 சதவீதத்தினருக்கு முதல் கணிப்பு தவறு. பெரும்பாலும் இதயத் தமனி நோய் என்றே கணித்திருந்தார்கள்.

மருத்துவமனை அடர்த்தி இதைத் தீர்க்காது என்பதற்கு அமெரிக்க நடிகர் ஜான் ரிட்டர் வழக்கே சான்று. 2003 செப்டம்பரில் படப்பிடிப்பின்போது உடல்நலம் கெட்ட அவரைக் கொண்டுசேர்த்தது சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மருத்துவமனையில். மாரடைப்பு என்று சிகிச்சை தொடங்கியது, அன்றிரவே இறந்தார், உண்மையில் அவருக்கு இருந்தது பெருந்தமனிப் பிளவு. குடும்பம் தொடுத்த வழக்கில் 2008இல் ஜூரி மருத்துவர்கள்மீது குற்றமில்லை என்றது. அந்தத் தீர்ப்பை நான் நியாயமானதாகவே படிக்கிறேன். தனி மருத்துவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டால் ஒரே பிழை ஏன் ஊருக்கு ஊர் ஒரே வடிவத்தில் நடக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. இங்கிலாந்தில் மருத்துவப் பாதுகாப்பை விசாரிக்கும் அரசு அமைப்பு 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இந்த நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதை மட்டுமே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டது. 2022இல் அங்கே பெருந்தமனிப் பிளவுக்கென்றே வட்டார வாரியான சிகிச்சைத் தடம் வகுக்கும் வழிகாட்டித் தொகுப்பும் வந்தது. பிழையைத் தனிநபரிடமிருந்து தடத்துக்கு மாற்றிய நகர்வு அது.

நம் நாட்டில் இன்னொரு தடையும் சேர்கிறது. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தவை 22.5 சதவீதம் மட்டுமே. வீட்டிலோ வண்டியிலோ திடீரென இறந்தவருக்கு, பிணக்கூறாய்வு இல்லாத நிலையில், ‘அட்டாக்’ என்பதே பெயர். குடும்பம் அப்படிச் சொல்கிறது, ஊரும் அப்படியே நம்புகிறது. இதனால் பிளவு நோய் தன்னை எண்ணிக்கையில் காட்டிக்கொள்வதில்லை. எண்ணிக்கையில் இல்லாததற்குத் திட்டமும் இல்லை. அரிதானது என்று நாம் நினைப்பதற்கு ஒரு காரணம் நாம் தேடாததே என்ற சுழலிலிருந்து வெளியே வர, கேஷுவால்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வாசலில் செய்யக்கூடியது

பன்னாட்டுப் பதிவேட்டின் முதல் பெரிய அறிக்கை 2000இல் 464 நோயாளிகளைப் பற்றி வந்தது. அதில் 84.8 சதவீதத்தினருக்கு வலி திடீரென்று தொடங்கியது. பெரும்பாலோர் அதைக் கடும் வலி என்றார்கள். பாடநூல் வலியுறுத்தும் நாடித்துடிப்புக் குறைபாடோ 15.1 சதவீதத்தில்தான் காணப்பட்டது. 31.3 சதவீதத்தினரின் ஈசிஜியில் எந்தக் கோளாறும் இல்லை, 12.4 சதவீதத்தினரின் மார்பு எக்ஸ்ரேயும் சுத்தம். கருவிகளைவிட நோயாளியின் வாய்மொழியே அதிகம் சொல்கிறது என்பது இதன் பொருள். வலி எந்த நொடியில் எப்படித் தொடங்கியது, தொடக்கத்திலேயே உச்சத்தில் இருந்ததா, முதுகுக்கோ வயிற்றுக்கோ நகர்ந்ததா, வீட்டில் யாருக்காவது இளவயதில் திடீர் மரணமோ தமனி வீக்கமோ உண்டா என்ற கேள்விகளுக்குச் செலவில்லை. இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்த்து 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்று கவனிக்க இரண்டு நிமிடம் போதும். நெஞ்சு வலியோடு ஒரு கை மரத்துப்போனால், பேச்சுக் குழறினால், கால் குளிர்ந்தால், அதாவது ஒரே நேரத்தில் உடலின் இரண்டு தொலைவான பகுதிகளில் கோளாறு என்றால், மாரடைப்பு மட்டும் அதற்கு விளக்கமாகாது. ‘வாய்வுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டு வருபவரிடம் இக்கேள்விகளைக் கேட்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும்.

உறுதிசெய்வது சிடி ஆஞ்சியோ. படமெடுக்க ஆகும் நேரம் சில நொடிகளே. தாமதம் முன்னும் பின்னும் இருக்கிறது. ‘கிரியாட்டினின் வரட்டும்’ என்று காத்திருப்பது, இரவில் படத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவது, கட்டணத்துக்குக் குடும்பம் அலைவது ஆகியவை அந்த நொடிகளை மணிக்கணக்காக்குகின்றன. சந்தேகம் வலுவாக இருந்தால் இவற்றில் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. இதற்கிடையில் செய்யவேண்டிய சிகிச்சை புதிதன்று. 1965இல் மைரன் வீட் முன்வைத்த வழி, இதயம் தமனியின்மேல் அடிக்கும் அடியின் வேகத்தைக் குறைப்பது. வலியை அடக்கி, நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 60க்குள்ளும் மேல் அழுத்தத்தை 120க்குள்ளும் கொண்டுவர வேண்டும். முதலில் துடிப்பைக் குறைத்து, பிறகே தமனியை விரிக்கும் மருந்து. அதற்கு உதவும் லேபெட்டலால் ஊசி பேறுகால இரத்த அழுத்தத்துக்காகப் பிரசவ அறைகளில் பழகிப்போன மருந்து. ஒரே கட்டடத்தில் ஒரு மாடி தள்ளி இருக்கும் மருந்தைக் கேஷுவால்டி அலமாரியிலும் வைப்பதற்குத் திட்டக் குழு கூடவேண்டியதில்லை.

எண்ணிக்கையின் கணக்கு

சந்தேகித்து, படமெடுத்து, ‘ஏ’ வகை என்று தெரிந்தபின் எங்கே அனுப்புவது? இங்கே அடர்த்தி உதவுவதற்குப் பதில் தொல்லையாக மாறுகிறது. லட்சத்துக்கு மூன்று முதல் ஆறு என்ற வெளிநாட்டு விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் புதுச்சேரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 30 முதல் 60 பேருக்குப் பிளவு நேரும். பதிவேட்டின்படி அவர்களில் ஐந்தில் மூன்று பங்கு ‘ஏ’ வகை. அதில் பாதிப்பேர் உயிரோடு மருத்துவமனை சேர்வதாகக் கொண்டால் 9 முதல் 18 பேர். இவர்களை எட்டுக் கல்லூரிகளும் பங்குபோட்டால் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ. இது தோராயக் கணக்கு. ஆனால் இருமடங்காகத் தவறினாலும் முடிவு மாறாது.

இந்த அறுவை அரிதாகச் செய்பவர்களின் கையில் எப்படி முடிகிறது என்பதற்கு நல்ல தரவு உண்டு. அமெரிக்காவில் 2003 முதல் 2008 வரை நடந்த அறுவைகளை ஆராய்ந்த ஜோவானா சிக்வேயும் சகாக்களும் 2013இல் எழுதிய கட்டுரையில், ஆண்டுக்கு மூன்றுக்கும் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 27.4 சதவீதம், பதின்மூன்றுக்கு மேல் செய்பவற்றில் 16.4. அறுவை மருத்துவர் அளவிலும் அதே ஏற்றத்தாழ்வு. இதற்குக் காரணம் ஒருவரின் கைத்திறன் மட்டுமல்ல. உடலைக் குளிர்வித்து இரத்த ஓட்டத்தை நிறுத்தி மூளைக்கு மட்டும் இரத்தம் பாய்ச்சும் கட்டம், மயக்க மருந்து, இதய–நுரையீரல் எந்திரம், விடியற்காலையில் திரட்ட வேண்டிய இரத்தத் தட்டணுக்கள், பத்து நாள் தீவிர சிகிச்சை என்று ஒரு முழு அணியே பழகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேர் இழுக்கும் ஊரில்கூட முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் பரம்பரையாக இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு பிளவு அறுவை செய்யும் அரங்கில் அப்படி யாரும் உருவாக முடியாது.

கணக்கை மாவட்ட எல்லைக்குள் நிறுத்துவதே செயற்கை. தவளக்குப்பத்திலிருந்து தெற்கே போகும் சாலை முள்ளோடையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது; பாகூர்க் கொம்யூன் கடலூர் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது; ஜிப்மரின் வரிசைகளில் நிற்பவர்களில் விழுப்புரம், கடலூர்க்காரர்கள் ஏராளம். 2011 கணக்கில் புதுச்சேரி, கடலூர், பிரிக்கப்படாத விழுப்புரம் மூன்றும் சேர்ந்து எழுபது லட்சம் மக்கள். அதே விகிதத்தில் ஆண்டுக்கு 210 முதல் 420 பிளவுகள். அறுவைக்கு உயிரோடு வரக்கூடிய ‘ஏ’ வகையினர் 60க்கு மேல். இது ஒரு மையத்தைத் தேர்ச்சியோடு நடத்தப் போதுமான எண்ணிக்கை, இரண்டுக்கும் போதும். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் நிறுவனமான ஜிப்மருக்கு மாநில எல்லை பொருட்டல்ல என்பதும், அங்கே இருதய அறுவைத் துறை நெடுங்காலமாக இருக்கிறது என்பதும் அதை இயல்பான வேட்பாளராக்குகின்றன. எனினும் பெயரை முன்கூட்டியே எழுதிவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. எந்த மருத்துவமனை எத்தனை செய்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற எண்ணை ஆண்டுதோறும் எல்லா மருத்துவமனைகளும் வெளியிட, அதை வைத்தே மையம் முடிவாக வேண்டும்.

மறுப்புகள்

குவித்தால் பயணம் கூடும், பயணத்தில் உயிர் போகும் என்பது முதல் மறுப்பு. பழைய வாய்பாட்டின் மோசமான மதிப்பான மணிக்கு இரண்டு சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். தவளக்குப்பத்திலிருந்து கோரிமேட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். மரப்பாலத்திலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் வண்டி நெரிசலில் சிக்கி ஒரு மணி நேரம் ஆனாலும் இழப்பு இரண்டு புள்ளி. 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு மூன்று மணி நேரம் என்றால் ஆறு புள்ளி. அரிதாகச் செய்யும் அரங்குக்கும் அடிக்கடி செய்யும் அரங்குக்கும் உள்ள இடைவெளி பதினொன்று. அமெரிக்க முதியோர் காப்பீட்டில் 1999 முதல் 2014 வரை அறுவை செய்துகொண்ட 16,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதே பக்கம் சாய்கிறது: அதிகம் செய்யும் மருத்துவமனைக்கு மாற்றியதால் அறுவை இறப்பு 7.2 புள்ளி குறைந்தது. அமெரிக்க ஆம்புலன்ஸும் நம் 108ம் ஒன்றல்ல என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது வண்டியில் லேபெட்டலால் சொட்டும் அழுத்தமானியும் ஒரு பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்பதற்கான வாதம். அறுவையை எட்டு இடங்களில் சிதறவிடுவதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நெஞ்சு வலிக்காரர் எல்லாரையும் பிளவு என்று சந்தேகித்தால் சிடி வரிசை நீளும், கதிர்வீச்சும் சாய மருந்தும் சிறுநீரகங்களைத் தொடும், உண்மையான மாரடைப்புக்காரரின் ஊசி தாமதமாகும். நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை சாகும் நோயில் இது சிறிய விலையன்று. இதற்கு விடை சந்தேகத்தை அளந்து பயன்படுத்துவதில் இருக்கிறது. நோயாளியின் பின்னணி, வலியின் இயல்பு, பரிசோதனையில் கண்டவை என்ற மூன்று தலைப்பில் மதிப்பெண் இடும் முறை 2011 முதல் புழக்கத்தில் உண்டு. 1,850 பேரைக் கொண்ட 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வில், மதிப்பெண் ஒன்றோ அதற்குக் குறைவோ இருந்து டி-டைமர் இரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்தவர்களில் தவறவிடப்பட்டவர்கள் 0.3 சதவீதம்தான். அதாவது பலரைச் சிடி இல்லாமலே கழித்துவிடலாம். மதிப்பெண் உயர்ந்தவருக்கு டி-டைமருக்காகக் காத்திருப்பதுதான் தவறு. தெளிவான ஸ்டெமி ஈசிஜியும் மாரடைப்புக்கே உரிய வலியும் இருந்தால், இரண்டு கை அழுத்தம் பார்த்த கையோடு ஊசியைப் போடலாம். ஸ்டெமி வலைப்பின்னலைக் கலைக்கச் சொல்லவில்லை. அதே தொலைபேசி, அதே ஈசிஜி அனுப்பும் வழி, அதே பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்குள் ‘ஊசிக்கு முன் மூன்று கேள்வி’ என்று ஒரு படி சேர்த்தால் போதும்.

தனியார் கல்லூரிகள் நோயாளியை விடுமா என்ற மூன்றாவது ஐயத்துக்குக் காகிதத்தில் விடை எழுதுவது எளிது, நடைமுறையில் கடினம். உறையிட்ட ஸ்டென்ட் ஒன்றின் விலையே லட்சங்களில். ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அட்டை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அறுவை செய்த மருத்துவமனைக்கு மட்டும் பணம் போகும்வரை, சரியாகக் கண்டறிந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, படத்தோடு அனுப்பிவைத்த மருத்துவமனைக்கு நட்டமே மிச்சம். கண்டறிதலுக்கும் இடமாற்றத்துக்கும் தனித் தொகை வைத்தால் ‘ரெஃபர்’ என்பது கைகழுவுதல் என்ற நிலை மாறும். இது காப்பீட்டு நிர்வாகம் ஓர் உத்தரவில் செய்யக்கூடியது; புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து செய்தால்தான் முள்ளோடைக்கு இரு புறமும் பலிக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு

இவ்வளவு செலவையும் இரத்த அழுத்த மாத்திரைக்குப் போடலாமே என்று பொதுநல மருத்துவர்கள் கேட்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் பிளவு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏற்கெனவே உயர் அழுத்தம் தெரிந்திருந்தது. மருந்து தொடங்கியும் கட்டுப்படாதவர்களே பலர். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வாசலுக்கு வந்த மாத்திரை அழுத்தத்தைக் குறைத்ததா என்று மறுபடி அளப்பதே அதன் கடினமான பாதி. நீண்டகாலத்தில் பிளவு மரணங்களைக் குறைக்கப்போவது அந்த அளவைதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது நோயின் போக்கை அறியாத வாதம். பிழைத்து வந்த நோயாளிக்குச் சிகிச்சை அறுவையோடு முடிவதில்லை. மிஞ்சிய தமனியில் பொய்ப் பாதை பெரும்பாலும் இருந்துகொண்டே இருக்கும், வீங்கும், சில ஆண்டுகளில் மறுபடி அறுவை தேவைப்படலாம். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டும். வாழ்நாள் முழுக்க அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருமுறையாவது எக்கோ பார்க்க வேண்டும். இவற்றில் ஸ்கேன் தவிர மற்றவை நடக்கும் இடம் கோரிமேடு அல்ல. பாகூர், அரியாங்குப்பம் போன்ற ஊர்களின் சுகாதார நிலையங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் ஒரு படி நோயாளியின் பையோடு நின்றுவிடாமல் அந்தச் சுகாதார நிலைய மருத்துவருக்கும் போனால், அடுத்த முறை அதே வீட்டிலிருந்து ஒருவர் முதுகு வலி என்று வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.